தோல்முட்டைக் கணக்கு

சித்திரை 11, காலை ஆறரை மணி. பஞ்சாரத்தைத் தூக்கினால் முதல் ஆளாகப் பாய்ந்து ஓடும் செவலை அன்று நகரவில்லை. இறக்கையைத் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஓரமாக நின்றது. காலடியில் வைக்கோல்மேல் ஏதோ கிடந்தது. எச்சமாக்கும் என்று குனிந்து எடுத்தால், வெதுவெதுப்பாக, தோல் உரிக்காத நுங்குச்சுளை மாதிரி கைக்குள் அமுங்கியது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். உள்ளே மஞ்சள் கரு நகர்வது தெரிந்தது. சுற்றிலும் சவ்வு மட்டும். ஓடு இல்லை.

"தோல்முட்டை போட்டிருச்சாய்யா?" என்றாள் அப்பத்தா, திண்ணையிலிருந்தே. அவளுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. நான் அதை ஏந்தியிருந்த விதத்தை வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கெட்டி முட்டையை யாரும் இரண்டு கையால் ஏந்துவதில்லை.

எங்கள் வீடு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில், ஊர்க் கடைசியில். எனக்கு வேலை புதுவயலில் ஓர் அரிசி ஆலையில், கணக்குப் பார்ப்பது. கோழி வளர்ப்பு தொழில் இல்லை. ஒரு சேவல், கருப்பு என்று கூப்பிடும் தாய்க்கோழி, அது ஐப்பசியில் பொரித்த குஞ்சுகளில் மிச்சமான இந்தச் செவலை, இவ்வளவுதான். மூன்றும் சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழி வகை. செவலையோடு பிறந்த நான்கையும் கீரி கொண்டுபோய்விட்டதால், இதை மட்டும் வெளியே விடாமல் கொல்லையில் கம்பிவலை அடித்து, மேலே தார்ப்பாய் போட்டு, உள்ளேயே வளர்த்தேன்.

எதையும் எழுதிவைப்பது பழக்கதோஷம். ஆலையில் கழித்துப்போட்ட பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் முட்டைக் கணக்கு எழுதினேன். முதல் பக்கம் இப்படி இருக்கிறது:

சித்திரை 9: முதல் முட்டை. 31 கிராம். ஓட்டில் நூல் மாதிரி ஒரு இரத்தக்கோடு.
சித்திரை 11: தோல்முட்டை. கோழி சோர்வு. பத்து மணிக்கு மேல் சரியாகி இரை எடுத்தது.
சித்திரை 12: இல்லை.
சித்திரை 13: போட்டது, கைக்கு வரவில்லை. கொக்கரிப்புச் சத்தம் கேட்டுப் போவதற்குள் தானே குத்தித் தின்றுவிட்டது. வைக்கோலில் ஈரமும் காகிதத் துண்டு மாதிரி கொஞ்சம் ஓடும்.
சித்திரை 15: ஓடு உண்டு. எடுக்கும்போதே கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

இரத்தக்கோட்டுக்குப் பயப்பட வேண்டாம். முதல் ஒன்றிரண்டு முட்டையில் அது சகஜம். எனக்குப் பயம் வேறு. இறக்கையைத் தொங்கவிட்ட கோழியைப் பார்த்தால் எங்கள் பக்கம் எவருக்கும் முதலில் வாயில் வருவது வெள்ளைக்கழிச்சல்தான். மாசியில் கால்நடைத் துறை நடத்திய தடுப்பூசி முகாமில் மூன்றுக்கும் ஊசி போட்டிருந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. எச்சத்தைப் பார்த்தேன்: பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போகவில்லை, கெட்டியாகத்தான் இருந்தது. கொண்டை சிவப்பு. மூக்கில் சளி இல்லை, தொண்டையில் கரகரப்பு இல்லை. பிறகு 11ஆம் தேதி தோல்முட்டையை வெள்ளைத் தட்டில் கிழித்து ஊற்றிப் பார்த்தேன். மூச்சுக்குழாயைத் தாக்கும் நோய் வந்த கோழி சில சமயம் ஓடு சுருங்கிய முட்டை போடும், அதன் வெள்ளைக்கரு தண்ணீர் மாதிரி ஓடும். இங்கே மஞ்சள் கருவைச் சுற்றி வெள்ளைக்கரு மேடாக நின்றது. தேய்த்துக் கழுவினாலும் போகாத அந்த வழவழப்பு இருந்தது. உள்ளே எல்லாம் சரி, கடைசி வேலை மட்டும் நடக்கவில்லை என்று தெரிந்தது.

அந்தக் கடைசி வேலைதான் பெரிய வேலை. சூலகத்திலிருந்து மஞ்சள் கரு இறங்கி முட்டையாக வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. வெள்ளைக்கரு சுற்றிக்கொள்ள 3 மணி நேரம், சவ்வு போர்த்த ஒன்றேகால் மணி நேரம். மிச்சம் 20 மணி நேரமும் ஓட்டுக்குத்தான். அதில் பெரும்பகுதி இராத்திரி, கோழி பஞ்சாரத்துக்குள் தூங்கும்போது நடக்கிறது. அந்நேரம் வயிற்றில் கால்சியம் இல்லையென்றால் தன் எலும்பிலிருந்தே எடுக்கும். முட்டைக்கு வருவதற்கு முன்னாலேயே கால் எலும்பின் உட்குழிக்குள் பஞ்சு மாதிரி ஒரு சேமிப்பைக் கட்டிவைக்கிறது கோழி. சேமிப்பு மெலிந்தால் ஓடும் மெலியும். இது தவிர, புதிதாக முட்டைக்கு வந்த கோழிக்கு உள்ளே இன்னும் நேரக்கணக்குப் படியவில்லை. சில நாள் இரண்டு கரு அடுத்தடுத்து இறங்கும். பின்னால் வந்தது முன்னால் இருப்பதை நெருக்க, ஓடு போர்த்துமுன்னே அது வெளியே வந்துவிடும். ஆகவே இளங்கோழி ஒன்றிரண்டு தோல்முட்டை போட்டுவிட்டுத் தானாகவே சரியாவதும் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்து ஒரு வாரத்தை ஓட்டினேன்.

அந்த ஒரு வாரத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மதனி, சூடு பிடித்திருக்கிறது, சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுங்கள் என்றார்கள். போட்டேன். தின்றது, வேறொன்றும் நடக்கவில்லை. ஆலையில் ஒருவர், "முட்டையைக் குடிக்கிற பழக்கம் வந்துட்டா விடாதுண்ணே. ஓட்டைக்குள்ள மிளகாய்ப்பொடியைத் திணிச்சு வைங்க, ஒரு தடவை உறைச்சா ஜென்மத்துக்கும் தொடாது" என்றார். கடை முட்டை ஒன்றில் ஓட்டை போட்டு, வீட்டில் கறிக்கு அரைத்த மிளகாய்ப்பொடி இரண்டு கரண்டி போட்டு வைத்தேன். செவலை சாவகாசமாக முழுக்கத் தின்றுவிட்டு அலகை வைக்கோலில் துடைத்துக்கொண்டது. மிளகாயின் எரிச்சல் பறவைகளின் நரம்புக்குத் தெரியாது, அதனால்தான் கிளியெல்லாம் பழுத்த மிளகாயைக் கொத்துகிறது என்று பிறகுதான் படித்தேன். செட்டிநாட்டுக் காரம் எடுபடாத ஒரே வயிறு எங்கள் கொல்லையில் இருக்கிறது.

(முட்டை குடிக்கும் பழக்கத்துக்கு எனக்குப் பலித்தது வேறு. ஓரத்தில் பனையோலைத் தட்டி சாத்தி இருட்டாக்கி, கூடையில் வைக்கோலோடு முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் வைத்தேன். இரண்டு நாள் அதைக் குத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. முட்டையைப் போட்டதும் எடுத்துவிடுவதும் முக்கியம்.)

அப்பத்தா சொன்னது வெற்றிலைச் சுண்ணாம்பு. ஒரு செம்புத் தண்ணீரில் கொட்டைப்பாக்கு அளவு கரைத்துவைத்து, தெளிந்ததும் மேல் தண்ணீரை மட்டும் இறுத்துக் கோழிக்கு வைக்க வேண்டும். ஊர் முழுக்கச் செய்வதுதான், தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் முட்டையின் ஓட்டைக் கழுவிக் காயவைத்து நிறுத்தால் 3 கிராம். ஓட்டில் நூற்றுக்கு 94 பங்கு கால்சியம் கார்பனேட், அதில் 40 பங்கு கால்சியம். ஆக அந்தக் குட்டி முட்டைக்கே 1.1 கிராம் கால்சியம் போயிருக்கிறது. சுண்ணாம்பு தண்ணீரில் அதிகம் கரையாது. தெளிந்த நீரில் லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம்கூட இருப்பதில்லை. செவலை ஒரு நாளில் குடிப்பது 150 மில்லி. சொட்டு வீணாகாமல் உடம்பில் சேர்ந்தாலும் எட்டில் ஒரு பங்கு ஓடுதான் தேறும். போதாக்குறைக்கு அந்தத் தண்ணீரின் காரம் பிடிக்காமல், அந்த வெயிலிலும் பாதிக்குப் பாதி குடிப்பதை நிறுத்திவிட்டது. இரண்டாம் நாளே எடுத்துக் கொட்டிவிட்டேன்.

அப்படியே தீனிக்கும் கணக்குப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. ஆலையில் குருணையும் தவிடும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது என்று வருஷம் முழுக்க அதைத்தான் போடுகிறேன். நாளுக்கு 50 கிராம் குருணை, 20 கிராம் தவிடு. இரண்டிலும் சேர்த்து 20 மில்லிகிராம் கால்சியம் இருந்தால் அதிகம். ஒரு முட்டைக்கு வேண்டியதில் நூற்றுக்கு இரண்டு பங்கு. தவிட்டில் பாஸ்பரஸ் வேறு ஏராளம். அது அளவுக்கு மேல் போனால் இருக்கிற கொஞ்சக் கால்சியத்தையும் ஒட்டவிடாது. சோறு போட்டு வளர்த்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

ஆனால் இந்தக் கணக்கு ஓர் இடத்தில் இடித்தது. அதே குருணை, அதே தவிட்டைத் தின்றுகொண்டு கருப்பு மட்டும் எப்படிக் கல் மாதிரி முட்டை போடுகிறது?

சித்திரை 18, ஞாயிறு. காலையிலிருந்து செவலை கூடைக்கும் வெளிக்குமாக நடந்தது. உட்காரும், எழும், வாலை மேலும் கீழும் அசைத்து முக்கும். பதினொரு மணிக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி, பின்பக்கம் தாழ்ந்து, இரண்டு காலில் நிற்கும் மனுஷன் மாதிரி நின்றுவிட்டது. இரை எடுக்கவில்லை. தூக்கி மடியில் வைத்து, வாலுக்கடியில் இடுப்பெலும்பு இரண்டுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தேன். முட்டையிடும் கோழிக்கு அங்கே இரண்டு விரல் இடைவெளி இருக்கும், இதற்கும் இருந்தது. வயிற்றில் மெதுவாகத் தொட்டால் கெட்டியாக ஒன்றும் தட்டுப்படவில்லை, மெத்தென்று ஒரு திரட்சி. தோல்முட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. கெட்டி முட்டையைவிட இது மோசம். முட்டைக்குழாய் பிடித்துத் தள்ள அதில் கெட்டியாக எதுவும் இல்லை. வெளியிலிருந்து அமுக்கினால் உள்ளேயே கிழியும். கிழிந்து உள்ளே தங்கினால் சீழ் பிடித்து கோழி போய்விடும்.

அதனால் அமுக்கவில்லை. செய்தது இவ்வளவுதான். அலுமினியத் தேக்சாவில், பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் சூட்டில், செவலையின் வயிறு முங்கும் அளவுக்குத் தண்ணீர். நிழலில் வைத்து, இறக்கை இரண்டையும் அணைத்துப் பிடித்து உள்ளே உட்காரவைத்தேன். முதல் இரண்டு நிமிஷம் உதைத்தது. பிறகு கண்ணைச் சொக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் ஆற ஆற மகள் சூடு தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருந்தாள். இருபது நிமிஷம். எடுத்துத் துண்டால் ஒற்றி, எச்சத் துவாரத்தைச் சுற்றி மட்டும் தேங்காய் எண்ணெய் தடவினேன். உள்ளே விரல் விடவில்லை. பிறகு இருட்டுக் கூடையில் வைத்து எல்லோரும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தோம். மகளைப் பிடித்து வைப்பதுதான் சிரமமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் முட்டை வெளியே கிடந்தது, சவ்வு கிழியாமல், ஒரு பக்கம் சப்பையாக. செவலை கருவேப்பிலைச் செடியடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, கூடையில் தூக்கிக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். முன்னால் நான்கு ஆடு, ஒரு நாய். டாக்டரம்மா செவலையின் வயிற்றைத் தடவி, வாயைத் திறந்து பார்த்து, எடை போட்டார். 1 கிலோ 100 கிராம்.

"மத்த கோழியும் இப்படித்தான் போடுதா?"

"இல்லைங்க டாக்டர். தாய்க்கோழி நல்லாப் போடுது."

"ரெண்டுக்கும் ஒரே தீனியா?"

"ஒரே தீனிதாங்க. ஒரே தட்டு."

"அப்ப அது வேற எங்கயோ போய்ச் சாப்பிடுது."

இவ்வளவு எளிதான கேள்வியைப் பத்து நாளாக நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நோய் இல்லை, ஊசியோ ஆன்டிபயாடிக்கோ வேண்டாம் என்றார். மனிதர்கள் சாப்பிடும் 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி3 சேர்ந்தது, சாயங்காலம் பாதி, ஐந்து நாளைக்கு மட்டும். அது செவலையின் எடையையும் நிலைமையையும் பார்த்து அவர் சொன்ன அளவு. வெயிலே படாமல் தார்ப்பாய்க்கடியில் வைத்திருக்கிறேன் என்றதும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வெயில் பட்டால்தான் உடம்பில் டி3 ஊறும், டி3 இல்லாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் எச்சத்தோடு போய்விடும். குருணையைக் குறைத்து முட்டைக்கோழித் தீவனம் கலக்கச் சொன்னார். வரும் வழியில் ஒரு தீவனக் கடையில் கேட்டேன். கொடுத்தார்கள். வீட்டில் வந்து சாக்குச் சீட்டைப் படித்தால் வளரும் கோழிக்கான தீவனம். அதில் கால்சியம் நூற்றுக்கு ஒரு பங்குதான். முட்டைக்கோழித் தீவனத்தில் மூன்றரையிலிருந்து நான்கு பங்கு இருக்க வேண்டும். திரும்பப் போய் மாற்றினேன். பில்லைப் படிக்கிறவன் சாக்குச் சீட்டையும் கடையிலேயே படித்திருக்கலாம்.

அடுத்த நாள் காலை ஆலைக்கு அரை மணி தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு, கருப்பின் பின்னால் நடந்தேன். கோழியைப் பின்தொடர்வது பொறுமைக்குச் சோதனை. பத்தடி நடந்தால் ஐந்து நிமிஷம் குப்பையைக் கிளறும். வேலியைத் தாண்டி, சந்து வழியாக, பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பின்கட்டுச் சுவருக்குப் போனது. அந்த வீட்டுக்காரர்கள் முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவதோடு சரி. முன்பக்கச் சுவர் இன்றைக்கும் முகம் பார்க்கலாம் போல மினுங்குகிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து அரைத்துப் பல படை பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தது. பின்கட்டுச் சுவருக்கு அந்த யோகம் இல்லை. வெறும் சுண்ணாம்புக் காரைதான், மழையில் ஊறி உதிர்கிறது. கருப்பு நேரே அங்கே போய் நின்று, டொக், டொக் என்று கொத்தி உதிர்ந்த பொருக்கை விழுங்கியது. சுவரின் அடியில், கோழிக் கழுத்து எட்டும் உயரம் வரைக்கும், நீளத்துக்கும் அம்மை வடு மாதிரி குழி குழியாக இருந்தது. ஒரு கோழி கொத்தி வந்த குழி இல்லை அது. எத்தனையோ தலைமுறைக் கோழிகள்.

அப்பத்தா அந்த வீட்டு அடுப்படியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். சொன்னதும் சிரித்தாள். "ஆச்சி வையும்ல, சொவத்தைத் தின்டுருதுக சனியனுகன்னு. நாந்தேன் கோழிய வெரட்டிக்கிட்டே இருப்பேன்." அதற்கும் முட்டைக்கும் முடிச்சுப் போட அவளுக்கும் தோன்றியதில்லை.

பொருக்கில் கொஞ்சம் எடுத்துவந்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன். புஸ்ஸென்று நுரைத்தது. முட்டை ஓட்டில் பிழிந்தாலும் அதே நுரை. இரண்டும் ஒரே சரக்கு. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு, தண்ணீர் விட்டு நீற்றினால் பூச்சுச் சுண்ணாம்பு. சுவரில் ஏறிக் காற்றைக் குடித்துக் குடித்துப் பல வருஷத்தில் மறுபடி பழைய கால்சியம் கார்பனேட்டாகவே ஆகிவிடுகிறது. அந்த உற்சாகத்தில் எங்கள் வீட்டுச் சுவரையும் சுரண்டிப் பிழிந்தேன், பெயின்டுக்கு அடியில் பூசும் புட்டியும் நுரைத்தது. ஆகவே நுரைப்பதை மட்டும் நம்பக் கூடாது. புட்டியில் பசையும் அதன்மேல் பெயின்டும் இருக்கிறது, அதைக் கோழிக்குப் போட முடியாது. நல்லவேளை, சிமென்டுப் பூச்சு கோழி அலகுக்கு உதிர்வதில்லை.

அடுத்தவர் வீட்டுச் சுவரைப் பெயர்த்துக் கோழிக்குப் போடுவதும் முறையில்லை. பழைய வீடுகளைச் செப்பனிடும் கொத்தனார் ஒருவரிடம் கேட்டேன். தொண்டிப் பக்கமிருந்து வந்த சுடாத கிளிஞ்சல் அரைச் சாக்கு கொடுத்தார். சுடாதது என்பதை இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். சுட்டது வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும்.

பக்குவம் இதுதான். இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்கினேன். வெயிலில் காயவைத்து, சாக்கில் சுற்றி உரலில் இடித்தேன். சாக்கு இல்லாமல் இடித்தால் சில்லு கண்ணில் தெறிக்கும், என் மூக்குக் கண்ணாடியில் கீறலே விழுந்தது. பிறகு சல்லடை. மாவாக விழுவதைக் கழித்துவிட்டு, கம்பு அளவிலிருந்து சோள அளவு வரை உள்ள துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். இந்த அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாவு சீக்கிரம் குடலைக் கடந்து போய்விடும். துண்டாக இருந்தால் அரைவைப்பையில் (கறிக்கடையில் மஞ்சள் உள்தோலை உரித்துக் கொடுப்பார்களே, அந்தச் சதைப்பை) தங்கி, இராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஓடு போர்த்தும் வேலை இராத்திரிதானே நடக்கிறது.

தீனியோடு கலக்கவில்லை. தனி மண்சட்டியில் வைத்தேன். கோழிக்கு வேண்டுமென்றால் தின்னும், வேண்டாமென்றால் விடும். அந்த விவரம் அதற்கு உண்டு. கலந்து போட்டால் சேவலும் தின்றாக வேண்டும். முட்டையிடாத கோழிக்கும் சேவலுக்கும் குஞ்சுக்கும் அளவு மீறிய கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சித்திரை 23 சாயங்காலம் நாலரை மணிக்குச் சட்டியை வைத்தேன். செவலை ஒரு தடவை தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்காமல் நின்ற இடத்திலேயே நான் எண்ணியவரை 34 கொத்து. சேவல் வந்து ஒன்றைக் கொத்தி, கீழே போட்டுவிட்டுப் போனது.

வீட்டு முட்டை ஓடும் சேர்த்தேன், வாணலியில் பத்து நிமிஷம் வறுத்து, முட்டை என்றே தெரியாத அளவுக்கு நொறுக்கி. அப்படியே வட்டமாகப் போட்டால் முட்டை குடிக்கும் பாடத்தை நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும்.

அடுத்தது வெயில். சித்திரை 21 அக்கினி நட்சத்திரம் பிறந்தது. மத்தியானம் மூன்று கோழியும் வாயைப் பிளந்து மூச்சிரைக்கும். கோழிக்கு வியர்வை கிடையாது, இரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். இரைக்க இரைக்க இரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறும். ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். அதனால் கால்சியம் இருந்தாலும் கோடையில் ஓடு மெலியும். மதனி "சூடு" என்றது இந்த அளவில் சரிதான், வெங்காயம்தான் சரியில்லை. தார்ப்பாயைக் கழற்றி, பாதி இடத்துக்கு மட்டும் பனையோலை போட்டேன். காலை வெயில் ஒன்பது மணி வரை உடம்பில் படும், பிறகு முருங்கை நிழல். வலையில் ஈரச்சாக்கு. தண்ணீர் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து மண்சட்டிக்கு மாறியது. தீனி அதிகாலையும் சாயங்காலமும் மட்டும். முருங்கைக்கீரையை ஒரு கொத்து கட்டித் தொங்கவிட்டால் குதித்துக் குதித்துத் தின்றது.

சித்திரை 22: ஓடு உண்டு, மெல்லிசு. விரல் போகவில்லை.
சித்திரை 23: இல்லை.
சித்திரை 24: 33 கிராம். சொரசொரப்பு, ஒரு முனையில் மணல் ஒட்டின மாதிரி.
சித்திரை 26: 34 கிராம். தட்டினால் சத்தம் வருகிறது. கீழே அடிக்கோடு போட்டிருக்கிறேன், இரண்டு தடவை.

மாத்திரை, தீவனம், வெயில், நிழல், கிளிஞ்சல், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. வயசும் ஏறியிருக்கிறது, தானாகவே சரியாகியிருக்கலாம். இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே வைகாசி 5 முதல் நான்கு நாள் மதுரையில் ஒரு கல்யாணம். அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டோம். மதனியிடம் தீனி, தண்ணீர், சாக்கு நனைப்பது எல்லாம் சொன்னேன், கிளிஞ்சல் சட்டியைப் பற்றிச் சொல்ல மறந்தேன். முதல் நாளே சேவல் ஏறிக் கவிழ்த்திருக்கிறது. அவர்கள் ஏதோ குப்பை என்று பெருக்கித் தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்த மறுநாள் வைகாசி 9ஆம் தேதி முட்டையை எடுத்தால், வெளிச்சத்தில் கை நிழல் தெரிகிற மாதிரி மெல்லிசு. அன்று சாயங்காலம் சட்டியை வைத்தேன். 11ஆம் தேதி முட்டை பழையபடி. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது, மாறியது சட்டி ஒன்றுதான். ஒரு கோழி, ஒரு தடவை. ஆனாலும் எனக்கு இது போதும்.

அதன் பிறகு பில் புத்தகத்தில் எழுத அதிகம் இல்லை. எடை 36, 37 என்று ஏறி 38இல் நின்றது. மாலையில் ஒரு மணி நேரம், நான் வீட்டில் இருக்கும்போது மட்டும், செவலையையும் வெளியே விட ஆரம்பித்தேன். முதல் வாரமே கருப்போடு சேர்ந்து சந்து வழியாக அந்தச் சுவருக்குப் போய்விட்டது. வீட்டில் சட்டி நிறைய கிளிஞ்சல் இருக்கிறது. இருந்தும் அங்கே போய் டொக், டொக். ஆச்சி இருந்திருந்தால் வைதிருப்பார்கள்.

வைகாசி 21 அடைக்கு உட்கார்ந்தது. சின்ன உடம்பு, ஒன்பது முட்டைக்கு மேல் அணைக்காது. அரிசிப் பானையில் சேர்த்துவைத்ததில் கெட்டியான ஒன்பதைப் பொறுக்கி வைத்தேன். மெல்லிசு ஓட்டில் ஈரம் வற்றிவிடும், அடையில் உடைந்தால் மற்றதையும் நாறடிக்கும். ஆனி 11 ஏழு பொரித்தது.

இப்போது புதுத் தொல்லை. தாய் கொத்துவதைப் பார்த்துக் குஞ்சுகளும் கிளிஞ்சல் சட்டியில் ஏறி நிற்கின்றன. அவற்றுக்கு அது ஆகாது. சட்டிக்கு மூன்று பக்கமும் கயிறு கட்டி, கம்பிவலையில் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். செவலைக்கு எட்டுகிறது, குஞ்சுக்கு எட்டவில்லை. வாரத்துக்கு ஒருமுறை முடிச்சை விரல்கடை மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது.